‘வேறு வழியில்லை’ என்று உள்ளம் சொல்லும்போது



நிஸ்வான் மதரஸாவில் பாடம் நடத்துகின்ற எங்களுக்குப் பாடவேளை முடிந்த பிறகும் ஒரு பாடவேளை உண்டு. அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்களில் இரண்டொருவர் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்பார்கள். உள்ளே வந்து அமரச் சொன்னால், சிறிது நேரம் பிள்ளையின் ஓதலைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு வீட்டு விஷயம் மெல்ல வெளிவரும். மகனும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடு, சகோதரர்களுக்கிடையே நின்றுபோன பாகப்பிரிவினை, வளைகுடாவில் வேலையிழந்த கணவர், ஏறிக்கொண்டே போகும் நகைக்கடன். துயரங்கள் பலவகை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே சொற்றொடரில் வந்து முடிவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம்: “எங்களுக்கு வேற வழியே இல்லை, ஆலிமா.”

சில வேளைகளில் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் பல வேளைகளில், தேநீர் ஒன்றைக் கொடுத்து நிதானமாக நான்கு கேள்விகள் கேட்டால், இரண்டு மூன்று வழிகள் அவர்களுடைய வாயிலிருந்தே வெளிவந்துவிடும். அவற்றை நாங்கள் உண்டாக்கித் தருவதில்லை. அவை முன்பே அங்கு இருந்தவை. கோபமோ அச்சமோ கவலையோ அவற்றைப் பார்வையிலிருந்து மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். இந்த மறைத்தலைப் பற்றியும், அதை விலக்குவதற்கு நம் தீன் கற்றுத் தந்திருக்கும் வழியைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

உணர்ச்சி செய்யும் வேலை

தேர்ந்தெடுக்கும் உரிமையை அரபியில் ‘இக்தியார்’ என்கிறோம். நன்மையைக் குறிக்கும் ‘கைர்’ என்ற சொல்லும், அல்லாஹ்விடம் நலமானதைத் தேர்ந்து தருமாறு கேட்கும் ‘இஸ்திகாரா’வும் இதே வேரிலிருந்து பிறந்தவை. பல வழிகளுள் நன்மையானது எதுவெனப் பார்த்து எடுப்பதே இக்தியார் என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். எனவே, பார்வை சுருங்கினால் இக்தியாரும் சுருங்குகிறது.

ஒவ்வோர் உணர்ச்சியும் நம்மிடம் ஒவ்வொரு பொய்யைச் சொல்கிறது. கோபம் ‘இப்போதே’ என்கிறது. நாளை என்று ஒரு நாள் இருப்பதையே அது மறக்கடிக்கிறது. அச்சம் ‘எதையும் செய்யாதே’ என்று கைகளைக் கட்டிப்போடுகிறது. துக்கம் ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று தீர்ப்பு எழுதுகிறது. பொறாமை, நம் கையில் இருப்பதை மறைத்து அடுத்தவர் கையில் இருப்பதை மட்டும் காட்டுகிறது. பொய்கள் வேறு வேறாயினும் விளைவு ஒன்றே: பத்து வாசல்கள் உள்ள வீட்டில் ஒரே வாசல்தான் உண்டு என்று நம்பிவிடுகிறோம். அந்த ஒரு வாசலும் பெரும்பாலும் இழப்பின் வாசலாகவே இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் கோபம், வன்மம், பொறாமை ஆகிய மூன்றையும் ஒரே பாகத்தில் வைத்து எழுதினார்கள். கோபத்தை வெளியிட முடியாமல் உள்ளே வைத்திருந்தால் அது வன்மமாகிறது. வன்மம் பொறாமையைப் பெற்றெடுக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். கோபம் கொண்ட மனிதனின் அறிவுக்கு அவர்கள் சொல்லும் உவமை எங்கள் மாணவிகளுக்கு மிகவும் பிடித்தமானது. குகை ஒன்றில் நெருப்பு மூட்டப்பட்டு, உள்ளெல்லாம் புகை நிறைந்து, அங்கிருந்த சிறு விளக்கும் அணைந்துபோகும் நிலையை அவர்கள் வர்ணிக்கிறார்கள். புகை சூழ்ந்த குகையில் வெளியேறும் வழி எங்கும் போய்விடவில்லை. அது கண்ணுக்குத் தெரியவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதிகமாகக் கேட்டுவந்த துஆ ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடனின் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகிய எட்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ அது. நம்மில் பலரும் காலை மாலை ஓதிவருவதே. அதன் வரிசையைக் கவனித்தால் ஒரு பாடம் இருக்கிறது. கவலையையும் துக்கத்தையும் அடுத்து இயலாமையும் சோம்பலும் வருகின்றன. முதலில் உள்ளம் கனக்கிறது. பிறகு கை ஓய்கிறது. கை ஓய்ந்தவனைக் கடனும் பிற மனிதர்களும் மேற்கொள்கிறார்கள். உள்ளத்தில் தொடங்கும் ஒன்று ஒரு குடும்பத்தின் சுதந்திரத்தைப் பறிப்பதில் போய் முடியக்கூடும் என்பதை இந்த வரிசையிலிருந்து நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

அவகாசம் என்னும் அருள்

உணர்ச்சி எழுவதை மார்க்கம் குற்றமாக்கவில்லை. தம் மகனார் இப்ராஹீம் (ரலி) மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். கண் அழுவதையும் உள்ளம் வருந்துவதையும் ஒப்புக்கொண்டு, இறைவன் பொருந்திக்கொள்ளாத எதையும் நாவு சொல்லாது என்று எல்லை வகுத்தார்கள். உணர்வுக்கு இடமுண்டு, அந்த உணர்வின் கையில் தீர்ப்பை ஒப்படைப்பதற்குத்தான் இடமில்லை.

ஆகவேதான் எந்தெந்த இடங்களில் உணர்ச்சி மனிதனின் பார்வையை மறைக்குமோ, அந்தந்த இடங்களிலெல்லாம் ஷரீஅத் ஓர் அவகாசத்தை வைத்திருக்கிறது. கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று ஹதீஸில் வருகிறது. கோபத்தில் இருக்கும் காழி இருவருக்கிடையே தீர்ப்பு வழங்கக்கூடாது என்பது நபிமொழி. கற்றறிந்த நீதிபதிக்கே இந்த நிபந்தனை என்றால், நம் வீட்டு நடுக்கூடத்தில் நாமே வாதியாகவும் நீதிபதியாகவும் இருக்கும்போது நிலைமை எப்படியிருக்கும்? சகோதரர்கள் இருவர் பேசாதிருப்பதற்கும் மூன்று நாட்களே எல்லை. கோபம் ஆறுவதற்கு அந்த மூன்று நாட்கள் ஒரு சலுகை. அதற்குமேல் நீண்டால் கோபம் வன்மமாகிவிடும் என்பதால் அங்கே ஒரு வேலியும் போடப்பட்டிருக்கிறது.

கஅப் பின் மாலிக் (ரலி) கண்ட நெருக்கம்

மனம் நெருக்கப்படும் நிலையைத் திருக்குர்ஆன் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்பதை அறிய ஸூரத்துத் தவ்பாவின் 118ஆம் வசனத்தை ஓத வேண்டும். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் தங்கிவிட்ட மூன்று ஸஹாபாக்களைப் பற்றியது அது. விசாலமான பூமி அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனதையும், அவர்களுடைய உயிர்களே அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனதையும் அவ்வசனம் எடுத்துரைக்கிறது. மூவருள் ஒருவரான கஅப் பின் மாலிக் (ரலி) தம் வரலாற்றைத் தாமே விரிவாகச் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

பொய்க் காரணம் எதையும் கூறாமல் உண்மையை ஒப்புக்கொண்ட அம்மூவருடனும் பேச வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு ஆணையிட்டார்கள். ஐம்பது இரவுகள் அந்நிலை நீடித்தது. மற்ற இருவரும் வீட்டிலேயே அழுதுகொண்டிருந்தார்கள். வயதில் இளையவரான கஅப் (ரலி) வெளியே வந்தார், ஜமாஅத் தொழுகைக்குச் சென்றார், கடைவீதியில் நடந்தார். ஒருவரும் அவரிடம் பேசவில்லை. தம் தந்தையின் சகோதரர் மகனும் நேசத்துக்குரியவருமான அபூகதாதா (ரலி) அவர்களுடைய தோட்டத்துச் சுவரேறிச் சென்று ஸலாம் சொன்னார். பதில் ஸலாமும் வரவில்லை.

அந்த நெருக்கத்தின் நடுவில் ஒரு கடிதம் வந்தது. மதீனாவில் தானியம் விற்க வந்திருந்த ஷாம் நாட்டு விவசாயி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அனுப்பியவர் கஸ்ஸான் நாட்டு அரசர். உம் தலைவர் உம்மைக் கடுமையாக நடத்துவதாகக் கேள்விப்பட்டோம், எம்மிடம் வந்துவிடும், ஆதரவளிப்போம் என்பது கடிதத்தின் சாரம். சற்று எண்ணிப் பாருங்கள். ஊர் முழுவதும் முகம் திருப்பிக்கொண்ட வேளையில், ஓர் அரசவை வாசலைத் திறந்து வைத்து அழைக்கிறது. துக்கத்தின் பேச்சைக் கேட்பவராயின், ‘எனக்கு வேறு வழியென்ன இருந்தது?’ என்று சொல்லிப் புறப்பட்டிருப்பார். கஅப் (ரலி) அதை மற்றொரு சோதனை என்று அடையாளம் கண்டார். அடுப்பருகே சென்று கடிதத்தை எரித்துவிட்டார்.

அவருடைய துக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் நாட்கள் அப்படியே கழிந்தன. பாவமன்னிப்பின் நற்செய்தி ஐம்பதாம் நாள் ஸுப்ஹுக்குப் பிறகுதான் வந்தது. ஸல்உ மலைமீதிருந்து ஒருவர் உரக்கக் கூவிய குரல் கேட்டு அவர் ஸஜ்தாவில் விழுந்தார். துக்கம் தணியும்வரை காத்திருந்துதான் சரியான முடிவை எடுக்க முடியும் என்பதில்லை. துக்கத்தோடு இருந்துகொண்டே, தவறான வாசலை மூடிவிட முடியும் என்பதை இந்நிகழ்வு நமக்குக் காட்டுகிறது.

எங்கள் தோப்பும் கஜா புயலும்

கஅப் (ரலி) அவர்களின் உயரம் எங்கே, நாம் எங்கே என்று தோன்றலாம். ஆகவே எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறோம்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் அன்று விடிந்தபோது தென்னந்தோப்புகள் தோப்புகளாக இல்லை. எங்கள் வாப்பா வஃபாத்தாவதற்கு முன் வைத்து வளர்த்த இரண்டு ஏக்கர் தோப்பில், ஏக்கருக்கு எழுபது என்ற கணக்கில் 140 மரங்கள் நின்றிருந்தன. அன்று காலையில் நின்றவை ஒன்பது. வேரோடு சாய்ந்தவை பாதி. கொண்டை முறிந்து மொட்டையாய் நின்றவையும் அடுத்தடுத்து விழுந்தவையும் மீதி. அந்தத் தோப்பின் வருமானத்தில்தான் உம்மாவின் மருந்துச் செலவும், தங்கையின் திருமணக் கடனுக்கான தவணையும் நடந்துகொண்டிருந்தன.

சில நாட்களிலேயே தரகர்கள் வந்தார்கள். புயலுக்கு முந்தைய விலையில் பாதிகூட இல்லாத ஒரு விலையைச் சொன்னார்கள். தம்மாமில் இருந்த மூத்த காக்கா கைப்பேசியில் அழுதார். “வாப்பா வெச்ச மரம் ஒண்ணுகூட இல்லாத இடம் நமக்கு எதுக்கு? கொடுத்துடுவோம். வேற வழியில்லை.” மற்றவர்களும் ஏறத்தாழ அதே மனநிலையில்தான் இருந்தோம். அந்தப் பேச்சில் நிலத்தின் கணக்கு எதுவும் இல்லை. வாப்பாவை இரண்டாம் முறை அடக்கம் செய்தது போன்ற துக்கம் மட்டுமே இருந்தது.

உம்மா மட்டும் உடன்படவில்லை. விற்கக்கூடாது என்றும் அவர்கள் சொல்லவில்லை. “விழுந்து கிடக்கிற மரத்தைப் பார்த்துக்கிட்டே நிலத்துக்கு விலை பேசாதீங்க. முதல்ல மரத்தை அப்புறப்படுத்துங்க. வெறும் மண்ணைப் பார்த்த பிறகு உக்காந்து பேசுவோம்” என்றார்கள். அவ்வளவுதான்.

மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களில், அன்று கண்ணுக்குத் தெரியாதவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ஆழ்துளைக் கிணறு பழுதில்லாமல் இருந்தது. மண் அதே மண். சாலையோரத்தில் இருந்த அரை ஏக்கருக்கு மட்டும் தனியாக நல்ல விலை கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். குட்டை இரகத் தென்னை நெட்டையைவிட விரைவில் காய்க்கும் என்பதும், கன்றுகளுக்கிடையே உளுந்தும் வாழையும் போடலாம் என்பதும் நாங்கள் அறியாத செய்திகளல்ல. அறிந்திருந்தும் அன்று நினைவுக்கு வராத செய்திகள்.

இறுதியில் சாலையோர அரை ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தோம். வாரிசுகள் அனைவரும் கூடி, அவரவர் பங்கைக் கணக்கிட்டு, மனமொப்பிச் செய்த முடிவு அது. மீதமிருந்த ஒன்றரை ஏக்கரில் 105 கன்றுகள் வைத்தோம். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை, உம்மா தம் கையால் முதல் கன்றை நடும்போது எங்களுக்கு நினைவூட்டினார்கள்.

புயலின் முதல் மாதத்திலேயே நிலத்தைக் கொடுத்துவிட்டவர்களை நாங்கள் ஒருபோதும் குறைசொல்ல மாட்டோம். அவர்களுள் பலருக்கு அவகாசம் என்ற ஒன்றே வாய்க்கவில்லை. நாங்களும் நிலத்தில் ஒரு பகுதியை விற்றவர்கள்தாம். விற்பது தோல்வியன்று. ஆனால் துக்கம் விற்றிருந்தால் இரண்டு ஏக்கரும் போயிருக்கும். சகோதரர்களுக்கிடையே ஆயுள் முழுவதற்கும் ஒரு வருத்தமும் எஞ்சியிருக்கும். நாங்கள் விற்றதால் அரை ஏக்கரோடு நின்றது.

குடும்பங்களுக்குள்ளே

தோப்பைவிடக் கடினமானவை திருமண விவகாரங்கள். ஸூரத்துத் தலாக்கின் முதல் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்ணை இத்தா காலத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதன்பின் அல்லாஹ் ஏதேனும் புதிய நிலையை ஏற்படுத்தக்கூடும், அது உமக்குத் தெரியாது என்ற கருத்தோடு முடிகிறது. கோபம் ‘எல்லாம் தெரியும், எல்லாம் முடிந்தது’ என்று சொல்லுமிடத்தில், அல்லாஹ் ‘உமக்குத் தெரியாது’ என்கிறான். ஸூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனமோ இரு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்கச் சொல்கிறது. புகை சூழ்ந்த இருவரின் கண்களுக்குப் பதிலாக, புகைக்கு வெளியே நிற்கும் இருவரின் கண்கள் அவை.

இன்று இந்த அவகாசத்தைக் கைப்பேசி பறித்துக்கொண்டிருக்கிறது. நள்ளிரவில் வரும் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு, விடிவதற்குள் இரு குடும்பத்துக் குழுக்களிலும் சுற்றிவிடுகிறது. அவ்வாறு ஒரு பதிவைக் கேட்ட தாயார் ஒருவர், கைக்குழந்தையோடு வந்துவிட்ட மகளுக்காக அன்றே குலா எழுதி வாங்க வேண்டும் என்று எங்களிடம் வந்தார். பெரியவர்கள் இருவர் அமர்ந்து பேசும்வரை பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொண்டோம். பேச்சு பல வாரங்கள் நடந்தது. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை என்பதை உள்ளபடியே சொல்லிவிடுகிறோம். ஆயினும் பிரிவு கண்ணியமாக நடந்தது. நகைகள் திரும்பின, குழந்தைக்கான மாதச்செலவு எழுத்தில் உறுதியாயிற்று, பெருநாளன்று பிள்ளையைப் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு இருதரப்பிலும் முகம் இருக்கிறது. பொறுமை எல்லா உறவையும் காப்பாற்றிவிடாது; ஆனால் உறவு முடியும் விதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது நமக்கு மீட்டுத் தருகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடியும் உதையும் நடக்கும் வீட்டில் காத்திருக்குமாறு யாரும் யாரையும் சொல்லக்கூடாது. அங்கே முதல் கடமை பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழைப்பதில் வெட்கம் எதுவுமில்லை. அத்தகைய வீட்டில் ‘வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்’ என்று சொல்வதும் அச்சம் சொல்லும் அதே பொய்தான்.

பிளஸ் டூ முடிவுகள் வரும் நாட்களில் இன்னொரு காட்சியைக் காண்கிறோம். ஒரு பாடத்தில் தவறிய மகளைப் பார்த்து, ‘படித்தது போதும், மாப்பிள்ளை பார்த்துவிடலாம்’ என்று அன்றிரவே பேசுகிறார்கள் சில பெற்றோர். அவ்வாறு பேசுவது அன்பற்ற மனம் அன்று. உறவினர் முன் தலைகுனிந்த வெட்கம் அவ்வாறு பேசுகிறது. அடுத்த ஓரிரு மாதங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம் என்பது அந்த இரவில் எவருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஒரு பெண்ணின் முழு வாழ்வுக்கான தீர்மானத்தை ஓர் இரவின் வெட்கம் எடுத்துவிடக் கூடாது. அன்றிரவு பிள்ளைக்குச் சோறு ஊட்டி உறங்க வையுங்கள். பேச்சு பிறகு இருக்கட்டும்.

கத்ரும் நம் கைகளும்

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நம் கையில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்பார்கள். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் மனச்சோர்வு தன்னைத் தவக்குல் என்று அழைத்துக்கொள்வதும் உண்டு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது உமர் (ரலி) அவர்கள் அந்நாட்டுக்குள் நுழையாமல் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கிச் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். செழிப்பான கரையும் வறண்ட கரையும் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவர் எந்தக் கரையில் மேய்த்தாலும் அது கத்ரின்படிதானே என்று உவமையும் சொன்னார்கள். விளைவு அல்லாஹ்வின் கையில். எந்தக் கரை என்று பார்ப்பது நம்முடைய வேலை.

நாம் கடைப்பிடிக்கக்கூடியவை

எங்கள் மாணவிகளுக்கும் அவர்களின் தாய்மார்களுக்கும் நாங்கள் சொல்லிவருபவை எளியவை.

1. உணர்ச்சிக்குப் பெயரிடுங்கள். ‘நான் கோபத்தில் இருக்கிறேன்’, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்போது, பேசுவது யார் என்பது தெளிவாகிறது.

2. உடலின் நிலையை மாற்றுங்கள். உட்காருங்கள், உளூச் செய்யுங்கள், இரண்டு ரக்அத் தொழுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு தொழுகை நேரத்திலிருந்து அடுத்த தொழுகை நேரம்வரை பதில் அனுப்பாதிருங்கள்.

3. ‘வேறு வழியில்லை’ என்ற சொல் நாவில் வந்தால், ஒரு தாளில் மூன்று வழிகளையாவது எழுதுங்கள். பிடிக்காத வழியானாலும் எழுதுங்கள். பிடிக்காத வழியும் ஒரு வழியே.

4. புகைக்கு வெளியே நிற்கும் ஒருவரிடம் மஷூரா செய்யுங்கள். நம்மைப் போலவே கொதித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் நம் குரலையே திரும்பக் கேட்போம்.

5. அதன்பின் இஸ்திகாரா. வழிகள் தெளிந்த பிறகு, அவற்றுள் நலமானதை அல்லாஹ்விடம் கேட்டு, முடிவெடுத்து, அவன்மீது பொறுப்புச் சாட்டுங்கள். ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்பது நபிமொழியின் கருத்து. முடிவெடுத்தபின் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது ஈமானின் குறை என்று எண்ணி மறைக்க வேண்டாம். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மருத்துவரிடம் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தொழுகையும் துஆவும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கட்டும்.

பல வாசல்கள்

ஸூரா யூஸுஃபை ஓதும்போதெல்லாம் நபி யஃகூப் (அலை) அவர்களிடம் எங்கள் மனம் நின்றுவிடுகிறது. துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுதவர்கள் அவர்கள். பல்லாண்டுத் துக்கம் அது. அதே தந்தைதான் தம் பிள்ளைகளை மிஸ்ருக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாசலில் நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையுமாறு அறிவுறுத்தினார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் உடன் சொன்னார்கள். இன்னொரு மகனும் கையைவிட்டுப் போன பிறகு, யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் பணித்தார்கள். கண்ணில் பார்வை இல்லாத நிலையிலும் உள்ளத்தில் வாசல்கள் தெரிந்தன. அழுகையும் தேடலும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருந்தன.

நமக்கும் அழ வேண்டிய நாட்கள் வரும். அழுவோம். அந்நாட்களிலும் தேடுவதை நிறுத்தாதவர்களாக இருப்போம். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. கோபம் சூழும் வேளைகளில் நம் நாவுகளையும், அச்சம் சூழும் வேளைகளில் நம் கால்களையும், துக்கம் சூழும் வேளைகளில் நம் பார்வையையும் அவன் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.